பச்சை விளக்குக்குக் காத்திருந்த பேய்

சும்ப்ரீவா என்ற மலையூரில் பேய் பகலில்தான் வரும் என்று கேள்விப்பட்டதும் லினார்ட் கேட்ட முதல் கேள்வி: "அப்போ ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்ல, மேடம்?"

துப்பறிவாளர் பார்ப்லா, சறுக்குவண்டிப் பனித்தடம் முடிகிற இடத்தில், எடைமேடைக் குடிசையின் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். லினார்ட் அவருடைய உதவியாளன். கூர் நகரத்து மாட்டு வியாபாரியின் மகன். சோழி உருட்டுகிற மாதிரி சொற்களை உருட்டுவான். நல்ல விலை கிடைத்தால் வாயை மூடுவான் என்று பார்ப்லா நம்பியிருந்தார். அந்த விலை என்னவென்று இன்னும் தெரியவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் நவம்பரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரி தொடக்கத்தில்தான் திரும்பும். நடுவில் எல்லாம் நீலம். பனி நீலம், கிண்ணத்தில் வைத்த பால் நீலம், பேசுகிறவர்களின் உதடும் நீலம். இன்று சூரியன் திரும்பும் நாள். ஊர் மொத்தமும் தேவாலய முற்றத்தில் மெழுகுதிரியோடு நின்று, முதல் வெயில் முகத்தில் படக் காத்திருந்தது. தடத்தின் அடியில் மூன்றே பேர். மூன்றாவது ஆள் மெங்கியா.

"என்னைக் காவல் காக்கத்தானே நிக்கிறீங்க?" என்றாள் அவள். பனி டிராக்டர் ஓட்டி வண்டிகளை மேலே ஏற்றுகிறவள். கம்பளி, பூட்ஸ் எல்லாம் சேர்த்து நிறுத்தாலும் ஐம்பது கிலோ தாண்டமாட்டாள். பார்வைக்கு மட்டும் தனி எடை.

"ஆமா," என்றார் பார்ப்லா.

"காவல்னு சொல்லாதீங்க அக்கா," என்றான் லினார்ட். "குளிர்ல நாம பங்காளிங்க. நஷ்டத்துல என் பங்கா ஒரு மூக்கு ஏற்கெனவே போயிடுச்சு."

"யாரு சொல்லி நிக்கிறீங்க? யாகென் கிழவன்தானே?"

யாகென்தான். நாற்பது வருடமாக இந்தத் தடத்தின் தலைமை நடுவர். பார்ப்லாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, முன்பணமும் அனுப்பி, ஒரே ஒரு நிபந்தனை போட்டவர் அவர்: பேய் வரும் நேரத்தில் மெங்கியா உங்கள் கண் பார்வையிலேயே இருக்கவேண்டும்.

"என் அண்ணன் துமாஷ் செத்தான். அவன் வண்டி தானா இறங்குது. உடனே தங்கச்சி மேல சந்தேகம்," என்றாள் மெங்கியா. "அதுவும் இன்னைக்கு. சாயங்காலத்துக்குள்ள ஆட்சேபம் வரலைன்னா, ஏமாத்தினவன்னு ஜெயிச்சவங்க பலகையில இருந்து துமாஷ் பேரை உளியால செதுக்கி எடுத்துடுவாங்க. ஒரு வருஷக் கெடு முடியுது. ஆட்சேபம் சொல்ல என்கிட்ட அழுகையைத் தவிர ஒண்ணும் இல்ல. அதை அவங்க வாங்கிக்க மாட்டாங்களாம்."

போன வருடம் இதே நாளில் பந்தயம் நடந்தது. முதல் சுற்றில் துமாஷ் எல்லாரையும் முந்தியிருந்தான். முந்தியவன் இரண்டாம் சுற்றில் கடைசியாக இறங்கவேண்டும். அதனால் மேலே வண்டிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தபோது அவன் வண்டி கடைசியில் இருந்தது, அடிப்பக்கத்துச் சறுக்குக் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி. இறங்குவதற்கு முன் யாகென் ஒவ்வொரு வண்டியின் கம்பிக்கும் வெப்பமானி வைத்தார். ஒப்பிடுவதற்காக நிழலில் தொங்கும் சாட்சிக் கம்பியைவிட நாலு டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஆள் வெளியே. சூடான இரும்பு ஐஸில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். பழைய திருட்டு அது. துமாஷின் கம்பி ஆறு டிகிரி கூடுதல் சூடாக இருந்தது.

"தீயில காட்டினான்னு சொன்னாங்க. மூணு தடவை ஜெயிச்சவனுக்குத் தீ எதுக்கு?" என்றாள் மெங்கியா. "ராத்திரி பூரா கம்பியைப் பனியில புதைச்சு வெச்சான். குளிர்ந்த இரும்புல அதே வேகம் எடுத்துக் காட்டறேன்னு விடியறப்போ தனியாப் போனான். பார்க்கக்கூட ஆள் இல்ல. வண்டி மட்டும் கீழ வந்துச்சு."

லினார்ட் தொப்பியைக் கழற்றினான். அப்புறம் குளிர் தாங்காமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

"ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா?" மெங்கியாவின் குரல் இறங்கியது. "கோட்டைத் தாண்டறப்போ வண்டி மேல ஆள் இருந்தாத்தான் ஓட்டம் கணக்குல சேரும். அவன் ஓட்டம் சேரல. அதான் திரும்பத் திரும்ப இறங்கறானாம்."

அப்போது குடிசைக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு பச்சையாக மாறியது.

உச்சியில் நடுவர் விசையைத் தட்டினால் இங்கேயும் பச்சை எரியும். போட்டியாளன் அரை நிமிடத்துக்குள் கிளம்பவேண்டும். மூவரும் மேலே பார்த்தார்கள். தடம் காலியாக, எலும்பு வெள்ளையாகக் கிடந்தது. பிறகு அந்தச் சத்தம். தூரத்தில் யாரோ புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல. அது வளைவுக்கு வளைவு நெருங்கியது. துமாஷ் மோதிய வளைவில் ஒரு கணம் நின்றது. லினார்ட் பின்னால் நகர்ந்து மெங்கியாவின் காலை மிதித்தான்.

வண்டி கடைசி வளைவைச் சுற்றி, சுவரில் பாதி ஏறி, இறங்கி, கோட்டைத் தாண்டி, வைக்கோல் மெத்தையில் முட்டி நின்றது. மேலே யாருமில்லை.

"பத்து நாளா இப்படித்தான்," என்றாள் மெங்கியா. "எல்லாரும் ஓடிடுவாங்க. சாயங்காலம் கிழவர்தான் எடுத்துட்டுப் போய் மேல கொட்டகையில வைப்பாரு. மறுநாள் திரும்ப வரும்."

"கொட்டகைக்குப் பூட்டு?"

"இங்க எதுக்குப் பூட்டு?"

"இந்த ஊர்ல பூட்டு வித்திருந்தா எங்கப்பா திவாலாகியிருப்பாரு," என்றான் லினார்ட். பேச்சு திரும்பியதில் அவனுக்கே தைரியம் வந்தது. "மேடம், அக்கா இங்க நம்ம பக்கத்துலதான் நின்னாங்க. அவங்க இல்ல. அப்போ நிஜமாவே...?"

பார்ப்லா வண்டியின் பக்கத்தில் குந்தினார். விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டம், அடியில் இரண்டு எஃகுக் கம்பி. உடம்பு தேற இந்த மலைகளுக்கு வந்த இங்கிலீஷ்காரர்கள், ஓட்டலில் பொழுது போகாமல், சாமான் ஏற்றும் பையன்களின் சறுக்குவண்டியைப் பிடுங்கிக்கொண்டு தெருத்தெருவாக இறங்கிய காலத்தில் அது மரமாக இருந்தது. அப்புறம் ஒருவன் குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டினான். இன்னொருவன் இரும்பில் செய்தான். பார்த்தவர்கள் எலும்புக்கூடு என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

"மேடைல ஏத்து," என்றார்.

லினார்ட் தள்ளினான், முனகினான். "வெறும் வண்டி இவ்ளோ கனக்குமா? உள்ள பேய் படுத்திருக்கு போல."

எடைமேடையின் முள் நூற்றுப்பதினைந்து கிலோவில் நின்றது.

மெங்கியா வாயில் கை வைத்தாள். "ஆளும் வண்டியும் சேர்ந்து அதுக்கு மேல போகக்கூடாது. சட்டம். அண்ணன் எப்பவும் சரியா அதுலதான் நிப்பான். ஒரு கிராம் கூட விட்டுத்தர மாட்டான்."

பார்ப்லா வண்டியைப் புரட்டினார். வயிற்றுக்குள் ஈயப் பாளங்கள் வரிசையாக வைத்துக் கட்டப்பட்டிருந்தன.

"பேய்க்கு எதுக்கு மேடம் எடை?"

"எடை இல்லாத வண்டி முதல் வளைவுலயே சுவரேறி வெளிய போயிடும். அது சரி. ஆனா கீழ வரணும்னா ஏதோ ஒரு கனம் போதும். இது துமாஷோட கனம். அதுவும் ஈயத்தைச் சட்டப்படி வண்டியோட கட்டியிருக்கு, மேல வெச்சுக் கட்டல." அவர் கையுறையைக் கழற்றி ஒரு விரலால் கம்பியைத் தடவினார். "வண்டி பூரா உறைபனி பூத்திருக்கு. கம்பியை மட்டும் யாரோ துடைச்சிருக்காங்க. மோந்து பாரு."

லினார்ட் மோந்தான். "சாராயம்."

"எண்ணெய் தடவியிருக்கான்னு பார்க்கறதுக்கு சாராயத் துணியால துடைப்பாங்க," என்றாள் மெங்கியா மெல்ல. "பந்தயத்துக்கு முன்னாடி."

"ஆக, உன் அண்ணன் பேயா வந்து, எடை சரிபார்த்து, கம்பியைத் துடைச்சு, பச்சை விளக்கும் போட்டுட்டுக் கிளம்பறான்," என்றார் பார்ப்லா. "கோபத்துல செத்தவன் விளக்குக்குக் காத்திருப்பானா?"

"சட்டம் தெரிஞ்ச பேய்," என்றான் லினார்ட். "எங்க சந்தைக்கு வந்தா வரி கட்டிட்டுத்தான் பயமுறுத்தும்."

பார்ப்லா ஈயப் பாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குடிசை மேசையில் அடுக்கினார். "மெங்கியா, டிராக்டரை எடு. வண்டியும் வரட்டும். போற வழியில முற்றத்துப் பக்கமா விடு."

முற்றத்தில் ஊர் நின்றுகொண்டிருந்தது. எல்லா முகமும் தெற்கே திரும்பியிருந்தது. பாதிரியார் ஒரு கையில் எரியும் மெழுகுதிரியும் மறு கையில் எரியாத ஒன்றும் வைத்துக்கொண்டு சங்கடமாக நின்றார்.

"யாகென் எங்க நிப்பாரு?"

"பாதிரியாருக்கு வலது பக்கம். ரெண்டாவது திரி அவரோடது. ஒரு வருஷம் கூட..." மெங்கியா நிறுத்தினாள். அந்த இடம் காலி.

"ஐயோ," என்றான் லினார்ட். "முன்பணம் மட்டும் வாங்கியிருக்கோம் மேடம். பெரியவருக்கு ஏதாவது ஆயிட்டா மீதி?"

"வேகமாப் போ," என்றார் பார்ப்லா. அவன் கேலியைக் கேட்டு அவர் முகம் இறுகியது. அவருக்கும் அந்தப் பயம்தான் என்று தெரிந்ததும் லினார்ட் வாயை மூடினான். இலவசமாகவே.

மேலே ஏறும் பாதை தடத்தை ஒட்டியே போனது. துமாஷ் மோதிய வளைவில் யாரோ பனியில் ஒரு மெழுகுதிரி நட்டிருந்தார்கள். காற்றே இல்லை. ஆனாலும் டிராக்டர் நெருங்கியபோது சுடர் படுத்து, கடந்ததும் எழுந்தது.

உச்சியில் யாகென் உயிரோடு இருந்தார். வண்டிகளை வைக்கும் சட்டத்துக்குப் பக்கத்தில், பெஞ்சில், தொப்பியில்லாமல், மடியில் வெப்பமானியோடு உட்கார்ந்திருந்தார். சட்டத்தில், போன வருடம் துமாஷின் வண்டி இருந்த கடைசி இடத்தில், ஒரே ஒரு உதிரிக் கம்பி கிடந்தது. கூரை இறவாணத்தில் சாட்சிக் கம்பி தொங்கியது. எதிரே, வெட்டிய ஒரு பெரிய லார்ச் மரத்தின் அடிக்கட்டை.

"தாமதமாயிடுமோன்னு பயந்தேன்," என்றார் அவர்.

"கிழவா, நீ இங்க என்ன பண்ற?" என்றாள் மெங்கியா.

"உக்காரும்மா. கொஞ்ச நேரம்தான்."

"எதுக்கு உக்காரணும்?"

"மெங்கியா," என்றார் பார்ப்லா. "உக்காரு."

நால்வரும் உட்கார்ந்தார்கள். ஊர் எல்லாம் கீழே. இங்கே மார்ச் வரைக்கும் வெயில் வராது என்பது சும்ப்ரீவாவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அதனால் யாரும் இங்கே வெயிலுக்காகக் காத்திருந்ததில்லை. லினார்ட் எதையோ சொல்ல வாயெடுத்தான். அப்போது பார்த்தான்.

இரண்டு பாறைக்கு நடுவிலிருந்த இடுக்கில் தங்க நிறம் கசிந்தது. அது ஒரு பட்டையாக இறங்கி, பனியின் மேல் ஊர்ந்து, லார்ச் அடிக்கட்டையின் மேல் ஏறி, தாண்டி, சட்டத்தின் கடைசி இடத்தில் வந்து விழுந்தது. அங்கே மட்டும். பக்கத்து இடத்தில் நீலம் அப்படியே இருந்தது. யாகெனின் பின்கழுத்தில் ஒரு கீற்று. அவர் அசையவில்லை. யாரோ கை வைத்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

வெயில் நகர்ந்து போனதும் எழுந்து உதிரிக் கம்பிக்கு வெப்பமானி வைத்தார். அப்புறம் சாட்சிக் கம்பிக்கு. பார்ப்லாவிடம் நீட்டினார்.

"ஆறு டிகிரி," என்றார் பார்ப்லா.

மெங்கியா அடிக்கட்டையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "போன பந்தயத்துக்கு முந்தின கோடையிலதான் இந்த மரத்தை வெட்டினோம். பார்க்க வர்றவங்களுக்கு மேடை போடணும்னு ஊரே கை தூக்குச்சு." அவள் சிரிக்க முயன்றாள். "வெட்டினது என் அண்ணன். காட்டுவேலை அவனோடது."

"சூரியன் மூணு மாசமா வராத ஊரு," என்றார் பார்ப்லா. "அதனால யாரும் அதைச் சந்தேகப் பட்டியல்ல சேர்க்கல. மனுஷனைத்தான் சந்தேகப்பட்டீங்க." யாகென் பக்கம் திரும்பினார். "பேயைப் பிடிக்கச் சொல்லிக் காசு குடுத்தது நீங்க. பேயும் நீங்கதான்."

லினார்ட் எழுந்தே விட்டான். "என்னது? தன்னைப் பிடிக்கச் சொல்லித் தானே முன்பணமா? எங்க சந்தையில இதுக்குப் பேரே கிடையாது."

"நாற்பது வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகல," என்றார் பார்ப்லா. "வண்டியை இறக்கி ஊரை மிரட்டறதுதான் நோக்கம். ஆனா சோதனை போடாம ஒரு வண்டியை இறக்க உங்களால முடியல. துடைச்சீங்க. எடை பார்த்தீங்க. விளக்கும் போட்டீங்க. அதோட, பழி மெங்கியா மேல விழக்கூடாதுன்னு அவளை எங்க பக்கத்துல நிக்க வெச்சீங்க. காவல்னு நினைச்சோம். அது அவளுக்கு நீங்க வாங்கிக் குடுத்த சாட்சி."

யாகென் தலையாட்டினார்.

"எப்போ தெரியும்?" என்றாள் மெங்கியா.

"புதைச்ச மூணாம் நாள். விளக்கை அணைக்க வந்தேன். இங்க உக்கார்ந்தேன். கழுத்துல சுட்டுச்சு."

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷம்." அவர் குரல் உடையவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "வாயைத் திறந்தா அவனைக் கொன்னது நான்னு ஆயிடும். திறக்காம இருந்தா தினமும் கொல்றேன். எனக்குத் தைரியம் இல்லம்மா. யாராவது வந்து பிடிச்சா சொல்லிடலாம்னு பார்த்தேன். இந்த ஊர்ல ஒருத்தன் கூட என்னைச் சந்தேகப்படல. பேயைச் சந்தேகப்பட்டாங்க, உன்னைச் சந்தேகப்பட்டாங்க."

மெங்கியா கையை ஓங்கினாள். லினார்ட் நடுவில் போகப் பார்த்தான். பார்ப்லா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. பிறகு அது கொட்டகைச் சுவரை நோக்கிப் போய், பந்தய நாட்களில் ஊர் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியின் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தது. நீட்டியது.

"சொல்லு."

யாகென் வாங்கினார். தொப்பியைத் தேடினார். கிடைக்கவில்லை. தொப்பியில்லாமலே நிமிர்ந்து நின்றார்.

"நடுவர் அறிவிப்பு," என்ற குரல் கீழே, வெயிலில் நின்ற ஊரின் மேல் விழுந்தது. "போன வருஷம் துமாஷை வெளியேத்தினது தப்பு. அவன் கம்பியைச் சுட்டது வெயில். பார்க்காம விட்டது நான். தீர்ப்பை ரத்து பண்றேன். அவன் பேரு பலகையில இருக்கும். இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "பத்து நாளா வண்டியை இறக்கினதும் நான்தான். மெங்கியா இல்ல."

கீழே அத்தனை பேரும் மெழுகுதிரியோடு மேலே திரும்பிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. சின்னச் சின்னப் புள்ளிகளாக.

மெங்கியா டிராக்டரிலிருந்து அண்ணனின் வண்டியை இழுத்தாள். கொட்டகையிலிருந்து தன் தலைக்கவசத்தை எடுத்தாள். அவளும் இந்தத் தடத்தில் வளர்ந்தவள்தான்.

"இந்த வண்டி ஒரு தடவை ஆளோட கோட்டைத் தாண்டணும்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல கீழ போங்க. போன தடவை பார்க்க ஆள் இல்ல."

அவர்கள் கிளம்பும்போது லினார்ட் திரும்பிப் பார்த்தான். கிழவர் மண்டியிட்டு, சாராயத் துணியால் கம்பிகளை முனையிலிருந்து முனைவரை துடைத்துக்கொண்டிருந்தார். வெப்பமானி வைத்தார். ஒரு வருடம் தொண்டையில் கிடந்த சொல்லை வெளியே எடுத்தார்.

"செல்லும்."

லினார்ட் டிராக்டர் ஓட்டிய லட்சணத்தைப் பற்றிப் பார்ப்லா பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. கீழே ஊர் மொத்தமும் தடத்தின் இரண்டு பக்கமும் வந்து நின்றிருந்தது. சிவப்பு பச்சையானது. துணி கிழியும் சத்தம் கிளம்பியது. அந்த வளைவில் அது நிற்கவில்லை.

மெங்கியா கோட்டைத் தாண்டினாள், வண்டியின் மேல், குப்புற, தாடை ஐஸை உரசுகிற உயரத்தில்.

ஒருவர் கூடக் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் சிலுவைக் குறி போட்டாள். மெங்கியா எழுந்து, பழக்கப்படி, வண்டியை எடைமேடையில் வைத்து, தானும் ஏறி நின்றாள். கோட்டைத் தாண்டியபின் எடை பார்த்தால்தான் ஓட்டம் முடியும். லினார்ட் குடிசைக்குள் புகுந்து முள்ளைப் பார்த்தான்.

மேசையில் ஈயப் பாளங்கள், பார்ப்லா அடுக்கிய மாதிரியே இருந்தன. ஒன்றும் குறையவில்லை. எண்ணிப் பார்த்தான். முள்ளை மறுபடி பார்த்தான்.

நூற்று அறுபத்தைந்து.

"எவ்வளவு?" என்றாள் மெங்கியா வெளியிலிருந்து.

லினார்டின் வம்சத்தில் எடையைக் கூட்டிச் சொல்லாதவர்கள் கிடையாது. குறைத்துச் சொன்னவனும் கிடையாது. அவன் உள்ளங்கையால் முள்ளை மறைத்துக்கொண்டான்.

"சட்டத்துக்குள்ளதான் அக்கா," என்றான். "இறங்குங்க."

வாசலில் நின்ற பார்ப்லா அவன் கையைப் பார்த்தார்.

மெங்கியா இறங்கி ஊரை நோக்கி நடந்தாள். வண்டி மட்டும் மேடையில் இருந்தது. லினார்ட் கையை எடுத்தான். முள் நூற்றுப்பதினைந்துக்கு வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, படுத்திருந்த ஒருவர் அவசரமில்லாமல் எழுந்து போவதைப் போல, மெல்ல மெல்ல வெறும் வண்டியின் எடைக்கு இறங்கியது.